கம்பெனிக்கு மனம் உண்டா?

கம்பெனிக்குப் பெயர் உண்டு. பணம் உண்டு. கட்டிடம் உண்டு. மனம் உண்டா?

இது வேடிக்கைக் கேள்வி அல்ல. 193 உயிர்கள் போன பிறகு கோர்ட்டில் எழுந்த கேள்வி.

1987-ம் ஆண்டு மார்ச் 6-ந் தேதி பெல்ஜியத்தில் இருந்து இங்கிலாந்துக்கு ஒரு கப்பல் புறப்பட்டது. கார், லாரிகளையும் ஏற்றிச் செல்லும் கப்பல். அவை ஏறி இறங்க முன்பக்கம் பெரிய கதவு இருந்தது. அதை மூட வேண்டிய ஊழியர் தம் அறையில் தூங்கிவிட்டார். கதவு திறந்தபடியே கப்பல் கிளம்பியது. கடல் நீர் உள்ளே பாய்ந்தது. சில நிமிடங்களில் கப்பல் கவிழ்ந்தது. 193 பேர் மாண்டார்கள்.

தூங்கியவர் மட்டும்தானா குற்றவாளி? கதவு மூடியிருக்கிறதா என்று காட்ட ஒரு விளக்கு வேண்டும் என்று கேப்டன்கள் முன்பே கேட்டிருந்தார்கள். நிர்வாகம் அதைப் பொருட்படுத்தவில்லை.

1990-ல் லண்டன் கோர்ட்டில் கம்பெனி மீதே வழக்கு நடந்தது. கம்பெனிக்கு மூளையாக இருக்கும் பெரிய அதிகாரி ஒருவராவது குற்றவாளி என்று நிரூபித்தால்தான் கம்பெனி குற்றவாளி. அன்றைய சட்டம் அது. ஆனால் தவறு பலரிடம் சிதறிக் கிடந்தது. சில்லறைகளைக் கூட்டி ஒரு ரூபாயாக எண்ணச் சட்டம் சம்மதிக்கவில்லை. கம்பெனியை விடுதலை செய்யும்படி ஜூரிகளுக்கு நீதிபதி உத்தரவிட்டார்.

என்ன விந்தை! சிறிய கம்பெனியில் முதலாளியே எல்லாம் பார்ப்பார், சுலபமாக அகப்படுவார். பெரிய கம்பெனி தப்பிவிடும்.

இங்கிலாந்து விழித்துக்கொண்டது. 2007-ல் புதுச் சட்டம் செய்தது. 'யார் நினைத்தார்?' என்று மட்டும் அது கேட்பதில்லை. 'மேலிடம் எப்படி நிர்வாகம் நடத்தியது?' என்று கேட்கிறது. கம்பெனியைச் சிறையில் அடைக்க முடியாது, அபராதம் போடலாம்.

நம் சுப்ரீம் கோர்ட்டும் 2010-ல் ஒரு தீர்ப்புச் சொன்னது. மனம் இல்லை என்று கூறிக் கம்பெனி தப்ப முடியாது. அதை நடத்துகிறவர்களின் எண்ணமே கம்பெனியின் எண்ணம் என்றது.

நல்ல தீர்ப்பு. ஆனால் அது மட்டும் போதாது. கெட்ட எண்ணத்தால் மட்டுமா உயிர் போகிறது? அலட்சியத்தாலும் போகிறது. லாபம் வரும்போது 'எங்கள் கம்பெனி' என்கிறார்கள். உயிர் போனால் மட்டும் 'அந்த ஊழியர்' என்று கை காட்டலாமா?

கதவை மூடாதவர் ஒருவர். மூடியதா என்று பார்க்க வழி செய்யாதவர்கள் பலர். சட்டத்தின் கண் இருவரையும் பார்க்க வேண்டும்.