சரிவைக் காக்க மரங்களைச் சாய்க்கத்தான் வேண்டுமா?



பள்ளிக்குப் பின்னால் ஒரு மேடு. மழைக்கு மண் அரித்துக் கிடக்கிறது. பிள்ளைகளின் பாதுகாப்பைக் கருதிச் சரிவைச் சீர்செய்யக் குத்தகையாளர் வருகின்றார். முதல் நாளே மேட்டிலுள்ள மரங்கள் யாவும் சாய்க்கப்படுகின்றன. பிறகு மண்ணை வெட்டி, சிமெண்டைப் பூசி, "இனிமேல் பயமில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகின்றனர். நம் நாட்டில் இக்காட்சி புதியதன்று.

சரிவுப் பாதுகாப்பு வேலை கட்டாயம் வேண்டும். அதில் எனக்குச் சிறிதும் மறுப்பில்லை. ஆனால், அவ்வேலையின் முதல் படி மரம் வெட்டுவதுதான் என்னும் எண்ணத்தைத்தான் நான் மறுக்கின்றேன். இருக்கின்ற மரங்களைக் காத்துக்கொண்டே சரிவையும் காக்க முடியும். அதற்கான வழிமுறைகள் உலகில் உள்ளன. நம் நாட்டுச் சட்டத்திலும் இடம் உள்ளது. நமக்குத் தேவை, வேலை தொடங்கும் முன்னரே கேள்வி கேட்கும் பழக்கம்.

சமவெளியில் இருப்போர்க்கு என்ன கவலை?

நான் வாழும் மெர்கோங் சமநிலம். அலோர் ஸ்டாரைச் சுற்றிலும் நெல்வயல்கள்தாம். "நமக்கும் மலைச்சரிவுக்கும் என்ன தொடர்பு?" என்று சிலர் கேட்கலாம்.

வானம் தெளிவாக இருக்கும் நாளில் தெற்கே பாருங்கள். 1,217 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராய் தெரியும். 1885இல் வான் முகமது சாமான் வெட்டத் தொடங்கிய கால்வாய் அம்மலையின் அடிவாரத்தையும் அலோர் ஸ்டாரையும் இணைக்கின்றது. மலையில் நிகழ்வது வயலையும் ஊரையும் வந்து சேரும். 2021 ஆகஸ்டு 18ஆம் நாள் ஜெராய் மலையில் பெய்த பெருமழையில் மேற்சரிவுகள் சரிந்து, பாறையும் மரமும் சேறும் யான் வட்டாரத்துக்குள் பாய்ந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். 2022 ஜூலை 4ஆம் நாள் பாலிங், கூப்பாங் பகுதியில் வந்த வெள்ளம் மூன்று உயிர்களைக் கொண்டுபோனது. அதே ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் சிலாங்கூர், பத்தாங் காலியில் நிகழ்ந்த நிலச்சரிவில் 31 பேர் மாண்டனர். அவர்களுள் பள்ளி விடுமுறையில் கூடாரமிட்டுத் தங்கச் சென்ற ஆசிரியர்களும் குடும்பத்தினரும் பிள்ளைகளும் இருந்தனர்.

மேலும், நம் தமிழ்ப்பள்ளிகள் பல தோட்டப்புறங்களில் பிறந்தவை. கூலிம், பாலிங் வட்டாரங்களில் தோட்டம் என்றாலே மேடும் பள்ளமும்தான். எனவே, இது நம் பிள்ளைகளின் செய்தி.

நம் முன்னோர் கண்ட பாடம்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் ஒரு கொள்கை இருந்தது. களை ஒன்றுகூட இல்லாமல் தரை துடைத்தாற்போல் இருந்தால்தான் அது நல்ல தோட்டம் என்று துரைமார்கள் எண்ணினர். அந்தப் புல்லை வெட்டியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார்கள்தாம். விளைவு என்ன? குன்றுகளின் மேல்மண் மழையில் கரைந்து ஓடியது. ஆறுகள் மண்ணால் தூர்ந்தன. பிறகுதான் தோட்ட நிருவாகங்கள் மனம் மாறின. சரிவுக்குக் குறுக்கே படிப்படியாக நிலத்தை வெட்டுவதும், நீரையும் மண்ணையும் தடுக்கக் குழிகள் தோண்டுவதும், பயறு இனக் கொடிகளைப் படரவிடுவதும் வழக்கமாயின.

வெறுந்தரையான சரிவு ஆபத்தானது என்னும் பாடத்தை இந்த நாடு நம்மவர் உழைத்த தோட்டங்களிலேயே கற்றுக்கொண்டது. அப்பாடத்தை நாமே மறக்கலாமா?

மரம் என்ன செய்கிறது?

மரத்தின் இலைகள் மழையின் வேகத்தைத் தணிக்கின்றன. பெய்த நீரில் ஒரு பகுதி மண்ணைத் தொடாமலேயே ஆவியாகிறது. வேர்கள் மண்ணிலுள்ள நீரை உறிஞ்சுகின்றன. மண்ணுக்குள் நீரின் அழுத்தம் கூடும்போதுதான் சரிவு பெரும்பாலும் நழுவுகின்றது என்பதால், இது சிறிய உதவியன்று. அதோடு, வேர்கள் மேல்மண்ணைப் பின்னிப் பிடித்துக்கொள்கின்றன.

வெட்டிய மரத்தின் வேர்கள் உடனே மடிவதில்லை. அவை சில ஆண்டுகளில் மெல்ல மக்கி வலிமையை இழக்கின்றன. ஆகவே, மரம் வெட்டிய ஆண்டில் அசையாமல் நின்ற சரிவு, மூன்றாம் நான்காம் ஆண்டின் மழையில் நழுவக்கூடும். அப்போது குத்தகையாளர் இருக்க மாட்டார். பள்ளியும் பிள்ளைகளும்தாம் இருப்பார்கள்.

இங்கு ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மரம் இருந்தால் போதும், சரிவு சரியவே சரியாது என்பது உண்மையன்று. ஜெராயில் சரிந்தவை காடடர்ந்த சரிவுகள்தாம். மரவேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்துக்குள்தான் இருக்கின்றது. அதற்கும் கீழே ஆழத்தில் நழுவும் சரிவை வேரால் பிடித்து நிறுத்த இயலாது. அதற்குப் பொறியியல் வேலைதான் தேவை. பட்டுப்போன மரம், வேர் வெளியே தெரியச் சாய்ந்து நிற்கும் மரம் ஆகியவற்றை அகற்றத்தான் வேண்டும். ஆனால், அகற்ற வேண்டிய இரண்டு மரங்களுக்காக நல்ல நிலையிலுள்ள இருபது மரங்களையும் வெட்டுவதை எந்தப் பொறியியலும் கேட்கவில்லை.

1993 டிசம்பர் 11ஆம் நாள் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் மாண்டதை எண்ணிப் பாருங்கள். மேலிருந்த குன்று வெறுமையாக்கப்பட்டது, வடிகால் சரியில்லாமல் போனது, தடுப்புச் சுவர்கள் வலுவற்றிருந்தது என யாவும் அங்கே பேசப்பட்டன. மரம், வடிகால், சுவர் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று துணை. ஒன்றை அழித்து மற்றொன்றைக் கட்டுவது அறிவுடைமை ஆகாது.

ஹாங்காங் காட்டும் வழி

1972 ஜூன் 18ஆம் நாள் ஹாங்காங்கில் சாவ் மாவ் பிங், போ ஷான் சாலை ஆகிய ஈரிடங்களில் நிகழ்ந்த நிலச்சரிவுகளில் 138 பேர் இறந்தனர். 1976இல் சாவ் மாவ் பிங்கில் மீண்டும் 18 பேர் இறந்தனர். அதன்பின், 1977இல் சரிவுகளைக் கண்காணிப்பதற்கென்றே ஓர் அலுவலகம் அங்கே அமைக்கப்பட்டது. தொடக்கத்தில் அவர்களும் பல சரிவுகளில் சிமெண்டைப் பீய்ச்சி மூடினர். பின்னர், 2000ஆம் ஆண்டில் சரிவுகளைப் பசுமையாக்குவதற்கான தொழில்நுட்ப வழிகாட்டியை வெளியிட்டனர். 2011இல் அதனைத் திருத்தி விரிவாக்கினர்.

அவர்தம் முறை எளிமையானது. வேலைக்கு முன்பே சரிவிலுள்ள மரங்களைக் கணக்கெடுக்கின்றனர். சரிவுக்குள் துளையிட்டு இரும்புக் கம்பிகளைச் செலுத்தும்போது, மரம் நிற்கும் இடத்தை விட்டு விலகித் துளையிடுகின்றனர். சிமெண்டு பூசியே தீர வேண்டிய இடத்தில், மரத்தடியைச் சுற்றி மண்வட்டம் விட்டுவைக்கின்றனர். உயிர்ப்பலிகளைக் கண்ட ஊரே மரங்களையும் விட்டுவைக்க முடிகின்றது என்றால் நம்மால் முடியாதா?

வெட்டிவேர்: நம் சொல், நம் புல்

சரிவுகளில் மண் அரிப்பைத் தடுக்க உலகெங்கும் நடப்படும் ஒரு புல்லுக்கு ஆங்கிலேயர் வைத்திருக்கும் பெயர் 'வெட்டிவர்'. அது நம் 'வெட்டிவேர்' என்னும் தமிழ்ச்சொல்லேதான்! அதன் வேர் மூன்று மீட்டருக்கு மேலும் நேராகக் கீழிறங்கக்கூடியது. 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அவ்வேரின் இழுவலிமை மென்னெஃகின் வலிமையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு என்று அளந்து கூறியது. இதனை அறிவியல் பாடத்திலும் மொழிப்பாடத்திலும் மாணவர்களுக்குச் சொல்லலாமே!

எனினும், வெட்டிவேர் வெயிலில் செழிப்பது, நிழலில் நலியும். ஆகவே, வெறுமையான இடத்தில் அதை நடலாம். நிற்கும் மரத்தை வெட்டிவிட்டு அதை நடுவது பொருந்தாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தில் 1995இல் மரப் பாதுகாப்புக்கென ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. அதன்படி, அடிமரச் சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை வெட்ட ஊராட்சி மன்றத்தின் எழுத்து வழி அனுமதி தேவை. பட்டுப்போன மரம், உடனடி ஆபத்தை விளைவிக்கும் மரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

0.8 மீட்டர் என்பது 80 சென்டிமீட்டர். ஒரு நூலும் அளவுகோலும் போதும்; நான்காம் ஆண்டு மாணவரே அளந்துவிடலாம்.

நாம் செய்யக்கூடியவை

பள்ளியிலோ குடியிருப்பிலோ சரிவு வேலை வரப்போகிறது என்று தெரிந்தால், பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி வாரியமும் பின்வருவனவற்றைக் கேட்கலாம்:

1. வேலைக்கு முன் மரப் பட்டியல் வேண்டும். எந்த மரம் நிற்கும், எது போகும், ஏன் போகும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

2. முதலில் வடிகாலைப் பாருங்கள். அடைபட்ட வடிகாலைத் தூர்வாராமல் மரத்தைப் பழிப்பது முறையன்று.

3. நிற்கும் மரங்களைச் சுற்றி, கிளைகள் விரிந்திருக்கும் எல்லை வரையிலாவது வேலி போட வேண்டும். வேர்கள் அதையும் தாண்டிப் பரவியிருக்கும். அதற்குள் இயந்திரம் ஏறவோ, மண்ணும் கல்லும் குவிக்கவோ, சிமெண்டுத் தண்ணீரை ஊற்றவோ கூடாது. வெட்டாமலேயே மரத்தைக் கொல்லும் வழிகள் இவை. ஓரிரு ஆண்டுகள் கழித்து மரம் பட்டுப்போகும். காரணம் யாருக்கும் தெரியாது.

4. இந்த நிபந்தனைகள் குத்தகை ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். வாய்மொழி வாக்குறுதி மண்வாரி இயந்திரம் வந்தபின் நிற்காது.

5. வெட்டியே ஆக வேண்டிய மரத்துக்கு மாற்றாக எங்கே, என்ன நடப்படும், யார் நீரூற்றுவார் என்று கேட்க வேண்டும்.

இவற்றைக் கேட்பதால் வேலை தாமதமாகும் என்று சிலர் அஞ்சலாம். உடனடி ஆபத்து இருக்குமானால் பிள்ளைகளை அவ்விடத்தை விட்டு அகற்றுவதே முதல் கடமை. அதை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. மரப் பட்டியலோ ஒரு பள்ளி மேட்டுக்குச் சில நாள் வேலைதான். மாறாக, முப்பதாண்டு வளர்ந்த மரம் முப்பது நிமிடத்தில் சாய்ந்தால், அதன் இடத்தை இன்னொரு மரம் நிரப்ப மீண்டும் முப்பதாண்டு ஆகும். அதற்குள் இன்று முதலாம் ஆண்டில் பயிலும் பிள்ளைக்கே பிள்ளை பிறந்து பள்ளிக்கு வந்துவிடும்.

அலோர் ஸ்டார் என்னும் பெயரிலேயே ஒரு மரம் இருக்கின்றது. 'ஸெதார்' என்பது மா இனத்தைச் சார்ந்த மரம். கூலிம் மரப்பெயர், மலாக்காவோ நெல்லி மரத்தின் பெயர். ஊருக்கே மரத்தின் பெயரைச் சூட்டியவர்கள் இந்த மண்ணின் மக்கள். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சரிவு வேலை குறித்துப் பேச்சு எழுந்தால், "மரப் பட்டியல் எங்கே?" என்று ஒருவராவது கேளுங்கள். அந்த ஒருவர் நீங்களாகவே இருங்கள்.