கலியாணம் யாருடைய உரிமை?

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணம் புரிந்து வாழச் சட்டம் இடம் தருமா? 2023 அக்டோபர் 17 அன்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் பெஞ்சு கைவிரித்தது. அது பார்லிமெண்டின் வேலை என்றது. பார்லிமெண்டோ சட்டம் கொண்டுவரவில்லை.

"கூலிக்கும் போனசுக்கும் இதில் என்ன சம்பந்தம்?" என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒரு மில் தொழிலாளிப் பெண் இயந்திர விபத்தில் மாண்டாள் என்று வைத்துக்கொள்வோம். பத்து வருஷம் அவளோடு ஒரே அடுப்பில் பொங்கித் தின்ற துணைவிக்கு ஈ.எஸ்.ஐ. சார்ந்தோர் உதவித்தொகையில் சல்லிக்காசு கிடையாது. சட்டத்தின் கண்ணில் அவள் அந்நியள்! இது கூலிப் பிரச்னை இல்லையா?

ஒழுக்கம் கெடும் என்கிறார்கள். எது ஒழுக்கம்? வற்புறுத்தல் உண்டா, சுரண்டல் உண்டா என்பதே நமது உரைகல். வரதட்சணைக்காகப் பெண்ணைக் கொளுத்துவதும், சாதி மாறி மணந்த பிள்ளைகளை வெட்டிச் சாய்ப்பதும் ஒழுக்கக்கேடு. வயது வந்த இருவர் மனமொப்பி வாழ்வதால் யாருக்குக் கேடு?

ஸ்ரீரங்கத்து மதில்களைக் காட்டிச் சாஸ்திரம் பேசுவோருக்குப் பழைய கதை ஒன்றை நினைவூட்டுகிறோம். புரோகிதர் இல்லாத சுயமரியாதைக் கலியாணம் செல்லாது என்று 1953இல் சென்னை ஹைகோர்ட் கூறியது. மாலை மாற்றி மணந்தோர் தம்பதிகள் அல்ல என்றாயிற்று. 1967ஆம் வருஷத்திய திருத்தச் சட்டம் 1968 ஜனவரியில் அமலாகி, முன்பு நடந்த மணங்களையும் செல்லுபடியாக்கியது. வானம் இடிந்து விழவில்லை. திருச்சி ஜில்லாவும் அடங்கிய மதுரை பெஞ்சு, திருநங்கையும் மணமகளே என்று 2019இல் தீர்ப்பளித்தது. குடும்பம் அமைக்கக் கலியாணம் ஒன்றே வழியல்ல என்று 2025 மே மாதம் ஹைகோர்ட் சொன்னது.

நகரத்து மேட்டுக்குடியின் கோரிக்கை இது என்று மத்திய சர்க்கார் வாதாடியது. பணம் படைத்தவன் விமானமேறிப் பிழைத்துக்கொள்வான். கட்டாயத் தாலிக்குக் கழுத்தை நீட்டச் சொல்லி அடிக்கப்படும் நடவுக்காரப் பெண் எங்கே போவாள்?

நம் இயக்கமும் தவறியதுண்டு. 1922இல் ஆண்களிடையிலான உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கிய சோவியத் ஆட்சி, 1934இல் மீண்டும் குற்றமாக்கியது. அது பிழையே. சோஷலிஸ்ட் க்யூபா 2022 செப்டம்பர் 25 அன்று மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, செல்லத்தக்க வாக்குகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கின் ஆதரவோடு இந்த மண உரிமையை வழங்கியது.

1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் ஐந்து தொழிலாளர்கள் குண்டுக்கு இரையானார்கள். பக்கத்தில் நிற்பவன் யாரோடு வாழ்கிறான் என்று விசாரித்தா அவர்கள் தோளோடு தோள் நின்றார்கள்?

பார்லிமெண்ட் சட்டம் இயற்றட்டும். தொழிலாளியின் துணைக்கு ஈ.எஸ்.ஐ. உரிமை கிடைக்கட்டும். சங்கக் கிளைகளும் விவசாயத் தொழிலாளர் கூட்டங்களும் இக்கோரிக்கையைத் தீர்மானமாக்க வேண்டுமென்று அறைகூவி அழைக்கிறோம்!