ஐபி நோட்டைத் தூக்கிப் போடலாமா?

தேனி, போடி, கம்பம் பக்கம் ஏலக்காய்க் கமிஷன் கடை, நிதி நிறுவனம், ஸ்கேன் சென்டர், பள்ளிக்கூட கம்ப்யூட்டர் லேப் என்று எங்கே போனாலும், கொஞ்சம் பழைய இடமாக இருந்தால் ஒரு நோட்டு இருக்கும். முதல் பக்கத்தில் "1 - மேனேஜர், 2 - கேஷியர், 3 - பிரிண்டர்" என்று ஐபி முகவரிகளைப் பேனாவால் எழுதி வைத்திருப்பார்கள். அடித்து அடித்துத் திருத்தி, ஒரு கட்டத்துக்கு மேல் எழுதியவருக்கே புரியாது. புதுக் கம்ப்யூட்டர் வந்தால் சர்வீஸ்காரர் வந்து நோட்டைப் பார்த்து, காலியாக இருப்பதாக நினைக்கும் ஒரு எண்ணைப் போட்டுவிட்டுப் போவார். அது ஏற்கெனவே யாரோ லேப்டாப்பில் போட்டுக்கொண்ட எண்ணாக இருந்தால் முடிந்தது கதை. இரண்டு மெஷினும் மாறி மாறிப் படுத்துக்கொள்ளும்.

இந்தத் தலைவலிக்கு மருந்து வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. டி.ஹெச்.சி.பி. என்பது அதன் பெயர். 1993ல் முதல் வடிவம் வந்தது. இன்றும் அடிப்படையாக இருப்பது 1997 மார்ச்சில் ரால்ஃப் டிராம்ஸ் எழுதிய ஆர்.எஃப்.சி. 2131. நெட்வொர்க்கில் நுழையும் கம்ப்யூட்டர் "எனக்கு முகவரி தருவார் உண்டா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தும். சர்வர் "இந்தா, இது இருக்கிறது" என்று ஒன்றைக் காட்டும். கம்ப்யூட்டர் "சரி, அதையே கொடு" என்று கேட்கும். சர்வர் "எடுத்துக்கொள்" என்று உறுதி செய்யும். நாலே பேச்சு, ஒரு நொடியில் முடியும். கொடுப்பது சொந்தமாக அல்ல, தோப்பைக் குத்தகைக்கு விடுவது போலக் காலக்கெடு வைத்து.

வீட்டு மோடத்தில் இது தானாகவே இருக்கிறது. ஆறேழு கம்ப்யூட்டர் உள்ள கடைக்கு அதுவே போதும், ஸ்விட்ச் விற்க வருபவர் என்ன சொன்னாலும் சரி. ஆனால் கணக்குப் பிரிவு தனி, கேமரா தனி, விருந்தினர் வைஃபை தனி என்று நெட்வொர்க்கைப் பல வி-லேன்களாகப் பிரித்தால், முகவரி கேட்டுக் கத்தும் சத்தம் ஒரு வி-லேனைத் தாண்டி அடுத்ததற்குப் போகாது. அங்கேதான் லேயர் 3 ஸ்விட்ச் தேவைப்படுகிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு முகவரித் தொகுப்பை ஸ்விட்ச்சிலேயே வைத்துக் கொடுக்கச் சொல்லலாம். அல்லது கத்தலை வாங்கி வேறு இடத்தில் இருக்கும் சர்வருக்கு அனுப்பும் தரகு வேலையை அதற்குக் கொடுக்கலாம். எப்படியானாலும் ஸ்விட்ச்சுக்கு அந்தந்த வி-லேனில் சொந்தமாக ஒரு முகவரி இருக்க வேண்டும். இதை மறந்துவிட்டு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

"எல்லாவற்றையும் ஒரு பெட்டியிடம் கொடுத்துவிட்டால், அது படுத்தால் எல்லாமே படுக்குமே" என்பது நோட்டு வைத்திருப்பவர்களின் முக்கியமான வாதம். நியாயமான பயம்தான், ஆனால் முழு உண்மை அல்ல. முகவரி வாங்கிய கம்ப்யூட்டர், குத்தகைக் காலத்தில் பாதி முடிந்ததும் புதுப்பிக்கக் கேட்கும். பதில் இல்லையென்றால் எட்டில் ஏழு பங்கு முடிந்ததும் யார் வேண்டுமானாலும் கொடுங்கள் என்று கேட்கும். அதுவரை வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். காலையில் சர்வர் போனால் எட்டு நாள் குத்தகையில் இருப்பவருக்கு மதியம் வரை தெரியக்கூடத் தெரியாது. (ஸ்விட்ச்சே மொத்தமாகப் போனால் கேபிளும் சேர்ந்து போய்விடும். அப்போது நோட்டும் காப்பாற்றாது.)

உண்மையில் பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. சிக்னல் சரியில்லை என்று யாராவது தெருமுனைக் கடையில் ஒரு சின்ன வைஃபை ரூட்டர் வாங்கி வந்து, கேபிளை வான் ஓட்டையில் சொருகாமல் லேன் ஓட்டையில் சொருகிவிட்டால், அதுவும் முகவரி கொடுக்க ஆரம்பித்துவிடும். யார் முதலில் பதில் சொல்கிறார்களோ அவர்கள் பக்கம் கம்ப்யூட்டர் போய்விடும். பாதிப் பேருக்கு நெட் இருக்கும், பாதிப் பேருக்கு இருக்காது. கேபிளை ஆட்டி ஆட்டிப் பார்ப்பார்கள். டி.ஹெச்.சி.பி. ஸ்னூப்பிங் என்ற வசதியை ஸ்விட்ச்சில் போட்டு, நம்பகமான போர்ட் எது என்று சொல்லிவிட்டால், மற்ற போர்ட்டிலிருந்து வரும் போலிப் பதிலை அது தடுத்துவிடும். மலிவான சாதா ஸ்விட்ச்சில் இது கிடையாது. நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்ச்சுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு இந்த ஒன்றுக்கே நியாயமாகிவிடும்.

போடியை எடுத்துக்கொள்ளலாம். ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கும் ஊர். 2021ல் கிளவுட் முறை வந்த பிறகு போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புத்தடியிலும் உள்ள வியாபாரிகள் ஒரே ஏலத்தில் ஒரே நேரத்தில் விலை கேட்க முடிகிறது. ஒரு லாட்டுக்குக் கிடைப்பது சில நொடிகள். அப்படி ஒரு இடத்தில் ஒருவருடைய திரை "முகவரி மோதல்" என்று நின்றால், மலையில் வருடம் முழுக்கப் பாடுபட்டவரின் காய்க்கு விலை கேட்க ஓர் ஆள் குறைகிறார். நோட்டுப் பிழைக்கு விலை இவ்வளவு.

தானியங்கி என்றால் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றும் அர்த்தம் இல்லை. பிரிண்டர், கேமரா பதிவுப் பெட்டி, சர்வர் இவற்றுக்கு நிலையான எண்தான் வேண்டும். அந்த எண்களைத் தொகுப்பிலிருந்து முதலிலேயே விலக்கி வைக்க வேண்டும். குத்தகைக் காலமும் இடத்தைப் பொறுத்தது. சிஸ்கோ ஸ்விட்ச்சில் ஒரு நாள், விண்டோஸ் சர்வரில் எட்டு நாள் என்று தானாக இருக்கும். சபரிமலை சீசனில் கம்பத்து லாட்ஜில் தினம் 100 புது செல்போன் வைஃபையில் சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், எட்டு நாள் குத்தகையில் 254 முகவரியும் மூன்றாம் நாளே காலி. நேற்றே குமுளி தாண்டிப் போன சாமிகளின் பெயரில் முகவரி கிடக்கும், இன்று வந்த சாமிக்குக் கிடைக்காது. அங்கே இரண்டு மணி நேரம் போதும்.

அப்புறம் கரண்ட் கட். அமைப்பைப் போட்டுவிட்டுச் சேமிக்காமல் கிளம்பினால், கரண்ட் போய் வந்ததும் ஸ்விட்ச் பச்சைக் குழந்தை மாதிரி விழிக்கும். சேமித்திருந்தாலும், யாருக்கு எந்த முகவரி கொடுத்தோம் என்ற பட்டியலைச் சிஸ்கோ ஸ்விட்ச் வெளியே ஒரு சர்வரில் எழுதி வைக்கச் சொல்லாவிட்டால் மறந்துவிடும். கொடுப்பதற்கு முன் அந்த முகவரியைப் பிங் செய்து பார்க்கும், ஆனால் விண்டோஸ் ஃபயர்வால் பல நேரம் பிங்குக்குப் பதிலே சொல்லாது. ஆகவே கம்ப்யூட்டருக்கெல்லாம் யு.பி.எஸ். வாங்குகிறவர்கள் ஸ்விட்ச்சுக்கும் ஒன்று ஒதுக்கினால் நல்லது.

நோட்டை முழுசாகத் தூக்கிப் போடவும் வேண்டாம். விலக்கி வைத்த எண்கள், எந்த போர்ட் நம்பகமானது, எந்த வி-லேன் யாருக்கு என்பதை அதில் எழுதலாம். ஸ்விட்ச்சின் பாஸ்வேர்டை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதி உறையில் ஒட்டி முதலாளியின் பீரோவில் வைக்க வேண்டும். அமைத்துக் கொடுத்த பையன் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போய் நம்பரையும் மாற்றிவிட்டால், அப்புறம் ஸ்விட்ச்சை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டி வரலாம்.