அறிவுள்ள கட்டடம் எது?

இரவு மணி பத்து. பெருநகர் ஒன்றின் அலுவலகக் கட்டடம். பணியாளர் அனைவரும் வீடு திரும்பிவிட்டனர். வாயிலில் காவலர் ஒருவர் மட்டும் அமர்ந்திருக்கிறார். ஆயினும் பல தளங்களில் விளக்குகள் எரிகின்றன. ஆளில்லாத கூடங்களுக்குக் குளிர்காற்று சென்றுகொண்டே இருக்கிறது. 20 வாட் விளக்குகள் 100, இரவில் 10 மணி நேரம் வீணே எரிந்தால், ஓர் இரவில் செலவாகும் மின்சாரம் 20 யூனிட். நாள்தோறும் இது தொடர்ந்தால் ஓராண்டில் 7,300 யூனிட். இது விளக்குகளுக்கான கணக்கு மட்டுமே. குளிரூட்டும் பொறிகளின் செலவு இதனினும் மிகுதி. நம் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியை எரித்தே பெறப்படுகிறது. ஆகவே, இங்கு வீணாகும் ஒவ்வொரு யூனிட்டுக்காகவும் எங்கோ ஓரிடத்தில் புகை எழுகிறது.

இதற்கு யார் பொறுப்பு? வீட்டில் இவ்வினாவிற்கு எளிதில் விடை கிடைக்கும். விளக்கைப் போடுபவரும் மின்கட்டணம் செலுத்துபவரும் ஒரே குடும்பத்தினர். ஆளில்லா அறையில் மின்விசிறி சுழன்றால் பாட்டியின் குரல் உடனே எழும். அலுவலகத்தின் நிலை வேறு. மின்சாரத்தைப் பயன்படுத்துபவர் கட்டணம் செலுத்துவதில்லை. கட்டணம் செலுத்தும் நிருவாகம் வீணாவதைக் காண்பதில்லை. காணும் காவலருக்கோ அதை நிறுத்தும் அதிகாரம் இல்லை. எவரிடமும் தீய எண்ணம் இல்லை. கண்ணும் கையும் வெவ்வேறு இடங்களில் இருப்பதே குறை.

இன்று ‘ஸ்மார்ட்’ என்று அழைக்கப்படும் திறன்மிகு தொழில்நுட்பம் இக்குறையை நீக்க வல்லது. அறையில் ஆள்நடமாட்டம் உண்டா என்பதை ஓர் உணரி அறிகிறது. சன்னல் வழியே வரும் வெளிச்சத்தை அளந்து, வேண்டிய அளவுக்கு மட்டும் விளக்கின் ஒளியைக் கூட்டவோ குறைக்கவோ மற்றோர் உணரி உதவுகிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவின் அளவைக் கொண்டு, எவ்வளவு புதுக்காற்று தேவை என்பது கணிக்கப்படுகிறது. இச்செய்திகள் அனைத்தும் ஒரு கணினியைச் சென்றடைய, அது விளக்குகளையும் குளிரூட்டும் பொறிகளையும் நெறிப்படுத்துகிறது.

இதன் பயனை உணர விசிறியின் கணக்கு ஒன்றே போதும். குளிர்காற்றைக் கூடங்களுக்கு அனுப்பும் பெருவிசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், அதற்குத் தேவைப்படும் மின்திறனும் ஐந்தில் ஒரு பங்கே குறையும் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அது ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. விசிறிக்கு வேண்டிய மின்திறன் அதன் வேகத்தின் மும்மடிக்கேற்ப மாறுவதே இதற்குக் காரணம். 0.8 × 0.8 × 0.8 = 0.512 என்று மாணவர் எவரும் பெருக்கிப் பார்க்கலாம். கூடத்தில் ஆட்கள் குறைந்த வேளையை உணரி அறிவித்து, விசிறியின் வேகம் சற்றே தணிந்தாலும் சேமிப்பு பெரிது.

எனினும், கருவிகளை வாங்கிப் பொருத்தியவுடன் கட்டடம் அறிவு பெற்றுவிடும் என்று கருதுவது பிழை. நாற்புறமும் கண்ணாடிச் சுவர் எழுப்பி, நிழலுக்கு ஓர் அங்குலமும் இடம் விடாமல் மேற்கு வெயிலை உள்ளே வரவேற்ற பின்னர், அவ்வெப்பத்தை வெளியேற்ற உயர்ந்த கணினியைப் பூட்டுவதால் என்ன சிறப்பு? அது ஓட்டைக் குடத்தை அடைக்காமல், நீர் இறைக்கும் வேகத்தை மட்டும் கூட்டுவதற்கு ஒப்பாகும்.

ஐதராபாத்திலுள்ள சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் இவ்வகையில் நல்ல எடுத்துக்காட்டு. இராமேசுவரத்தில் பிறந்து குடியரசுத் தலைவராக உயர்ந்த அப்துல் கலாம் 2004 ஆம் ஆண்டு இதனைத் திறந்துவைத்தார். நடுமுற்றம், துளைகளிட்ட சுவர், காற்றைக் குளிர்வித்து உள்ளே அனுப்பும் காற்றுக்கோபுரங்கள் ஆகியவை வெப்பத்தை முதலில் தணிக்கின்றன. பொறிகளின் வேலை அதன் பின்னரே. தில்லியில் 2014 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்திரா பர்யாவரண் பவனும் நடுவே முற்றம் கொண்டதே. அதன் கூரையின் மேல் 930 கிலோவாட் திறனுள்ள சூரிய மின்தகடுகள் பொருத்தப்பட்டுள்ளன. முற்றமும் நிழலும் நம் முன்னோர் வீடுகளில் கண்டவையே. முதலில் நிழல், பின்னரே உணரி என்பதே சரியான வரிசை.

கருவியை இயக்கும் மனிதரின் முடிவும் சிறியதன்று. வெளியே கோடை வெயில் கொளுத்த, உள்ளே கம்பளிச் சட்டை அணிந்து நடுங்கியபடி பணிபுரிவோரைப் பல அலுவலகங்களில் காணலாம். அங்குள்ள கருவி பழுதடையவில்லை. இட்ட கட்டளையை அது செவ்வனே நிறைவேற்றுகிறது. கட்டளைதான் தவறானது. குளிரூட்டியின் வெப்பநிலையை 1 பாகை உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய மின்துறை 2018 ஆம் ஆண்டு எடுத்துரைத்தது. வணிகக் கட்டடங்கள் 24 முதல் 26 பாகை வரை வைத்துக்கொள்ளவும் அறிவுறுத்தியது. இதற்குப் புதிய கருவி வேண்டுவதில்லை, மனம் போதும்.

‘இத்தகைய தொழில்நுட்பம் செலவு மிக்கதாயிற்றே, சிறு நிறுவனங்கள் என்செய்யும்?’ என்னும் வினா நியாயமானது. அனைத்தையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. தளந்தோறும் தனித்தனி மின்மானி பொருத்துவதே முதற்படி. எத்தளத்தில், எந்நேரத்தில் எவ்வளவு செலவாகிறது என்பது தெரியாதவரை சிக்கனம் வெறும் சொல்லே. அளவு தெரிந்தபின், அதை அனைவரும் காண வாயிலில் எழுதி வைக்கலாம். அத்துடன், கட்டடத்தைப் பராமரிப்பவருக்குப் பயிற்சியும் அதிகாரமும் அளித்தல் வேண்டும். வணிகக் கட்டடங்களுக்கான ஆற்றல் சிக்கன நெறிமுறை 2007 ஆம் ஆண்டே வகுக்கப்பட்டு 2017 இல் திருத்தப்பட்டது. கட்டடம் எழும்போது அந்நெறிமுறை வழிகாட்டும். எழுந்த பின்னர், நாள்தோறும் கவனிக்கும் மனிதரே அதற்குக் காவல்.

சொந்த ஊரை விட்டுப் பெருநகரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பெற்றோர் பலர், பொறியாளராகவும் எழுத்தராகவும் துப்புரவுப் பணியாளராகவும் இத்தகைய கட்டடங்களிலேயே பகற்பொழுதைக் கழிக்கின்றனர். அவர்களின் பிள்ளைகளுக்கு இது தொலைவான செய்தியன்று. ஆண்டுதோறும் டிசம்பர் 14 ஆம் நாள் தேசிய ஆற்றல் சேமிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று ஓவியம் தீட்டிப் பரிசு பெறும் மாணவர், மறுநாள் தம் பள்ளியின் மின்மானி காட்டும் எண்ணையும் குறித்து வரலாம். மாலையில் பெற்றோரிடம், ‘உங்கள் அலுவலகத்தில் இரவில் விளக்கை அணைப்பவர் யார்?’ என்று கேட்கலாம். அவ்வினாவிற்குத் தெளிவான விடை உள்ள கட்டடமே அறிவுள்ள கட்டடம்.