தையல்காரர், கனவுக்காரர், முதலீட்டாளர்... சைக்கிள் சட்டை கைமாறிய கதை!

2013 மார்ச் 17. இத்தாலியில் மிலான் - சான் ரெமோ சைக்கிள் பந்தயம். கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் தூரத்தை ஒரே நாளில் ஓட்டி முடிக்க வேண்டும். மழையும் குளிருமாகப் போய்க்கொண்டிருந்த பந்தயம், நடுவழியில் பனிப்பொழிவில் மாட்டிக்கொண்டது. வீரர்களின் விரல்கள் விறைத்துப்போயின. தலைக்கவசத்தில் பனி கட்டியாக ஒட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி, மலைப்பகுதியைத் தாண்டி இறக்கிவிட்டு, மறுபடி பந்தயத்தைத் தொடங்கினார்கள்.

அன்று கூர்ந்து கவனித்தவர்களுக்கு ஒரு வேடிக்கை தென்பட்டது. வெவ்வேறு அணிகளைச் சேர்ந்த பலர் ஒரே மாதிரியான கறுப்பு மேல்சட்டை போட்டிருந்தார்கள். அதில் இருந்த கம்பெனி முத்திரையை மட்டும் கறுப்பு மையால் மறைத்திருந்தார்கள்.

காரணம் எளிது. ஒவ்வோர் அணிக்கும் ஆடை தருவதற்கென்று ஒரு ஸ்பான்சர் உண்டு. வேறு கம்பெனி சட்டையைப் போட்டால் ஒப்பந்தச் சிக்கல் வரும். ஆனால், குளிருக்கு ஒப்பந்தம் தெரியாதே! காற்றையும் தூறலையும் தடுத்து, உடம்போடு ஒட்டி நிற்கும் 'கப்பா' என்ற அந்த மேல்சட்டையை வீரர்கள் தாங்களாகவே வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். கறுப்பு மைக்குள் ஒளிந்திருந்தது ஒரு தேள். இத்தாலியின் 'காஸ்டெல்லி' பிராண்டின் சின்னம்.

சைக்கிள் ஓட்டுவதற்கு விலை உயர்ந்த ஆடை தயாரிக்கும் பிராண்டுகள் இன்று பல. அவை எங்கே தொடங்கின, யார் கையில் போய் நின்றன என்று பார்த்தால், அது ஒரு குடும்பக் கதை போலவே இருக்கிறது. அதில் அப்பா - மகன் பிரிவும் இருக்கிறது, மரணமும் இருக்கிறது, கடைசியில் வீட்டை விற்பதும் இருக்கிறது.

மிலானில் ஒரு தையல்கடை

1876-ல் மிலான் நகரில் விட்டோரே ஜியான்னி என்பவர் தையல்கடை வைத்தார். பாலே நடனக் கலைஞர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் உடை தைத்துக் கொடுத்தார். அந்தக் கடையில் 1935-ல் வேலைக்குச் சேர்ந்தவர் அர்மாண்டோ காஸ்டெல்லி. நான்கே ஆண்டுகளில் கடையையே வாங்கிவிட்டார்.

அந்தக் காலத்து சைக்கிள் சட்டை கம்பளியால் ஆனது. வெயிலில் வேர்க்கும், மழையில் நனைந்தால் எடை கூடித் தொங்கும். கால்சட்டைக்குள் உட்காரும் இடத்தில் 'ஷம்வா' என்ற ஐரோப்பிய மலையாட்டின் தோலை வைத்துத் தைப்பார்கள். அதைத் துவைத்துக் காயவைத்தால் விறைத்துவிடும். களிம்பு தடவி மென்மையாக்கிய பிறகுதான் போட முடியும். ஆறு, ஏழு மணி நேரம் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தத் தோலில் ஒரு சுருக்கம் இருந்தாலும் போதும், புண்ணாகிவிடும்.

ஆகவே, அர்மாண்டோவின் வேலை அழகு பார்ப்பது அல்ல, வலியைக் குறைப்பது. இத்தாலியின் மாபெரும் வீரரான ஃபாஸ்டோ கோப்பிக்கு கம்பளிக்குப் பதிலாக எடை குறைந்த பட்டுச் சட்டை தைத்துக் கொடுத்தார். வாடிக்கையாளர் கடைக்கு வருவார், அளவு எடுப்பார்கள், குறை சொன்னால் பிரித்துத் தைப்பார்கள். பிராண்ட் என்ற பேச்சே அங்கே கிடையாது.

அதே காலத்தில் ஜப்பானின் டோக்கியோவிலும் ஓர் அப்பா, பந்தயம் ஓட்டும் மகனுக்காக சைக்கிள் சட்டை தைக்கத் தொடங்கினார். 'பேர்ல் இசுமி' பிறந்தது அப்படித்தான்.

மகன் எடுத்த முடிவு

அர்மாண்டோவின் மகன் மௌரிசியோ. அப்பாவின் தொழிலைக் கற்றுக்கொண்டவர், அப்பாவின் வழியிலேயே போகவில்லை. 1974-ல் தேள் சின்னத்தோடு காஸ்டெல்லி என்ற குடும்பப் பெயரிலேயே தனி பிராண்ட் தொடங்கினார்.

1958-ல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த இழைதான் லைக்ரா. இழுத்தால் நீளும், விட்டால் பழைய அளவுக்குத் திரும்பும். முதலில் பெண்களின் உள்ளாடைகளுக்குத்தான் அது பயன்பட்டது. 1977-ல் மௌரிசியோ அதைக் கொண்டு சைக்கிள் கால்சட்டை தைத்தார். கம்பளி போலத் தொங்காது, காற்றில் படபடக்காது. இன்று உலகம் முழுக்க சைக்கிள் பந்தய வீரர்களின் தொடையோடு ஒட்டி நிற்பது அந்தத் துணிதான்.

அப்போது பந்தயக் கால்சட்டை கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பது விதி. 1981-ல் இத்தாலியின் ஜிரோ பந்தயத்தில் ஓர் அணிக்கு நீலப்பச்சை நிறத்தில் கால்சட்டை கொடுத்தார் மௌரிசியோ. அபராதம் விதித்தார்கள். அந்த அபராதத்தைப்போலப் பல மடங்கு செலவழித்தாலும் அப்படியொரு விளம்பரம் கிடைத்திருக்காது!

இந்த இடத்தில்தான் முதல் மாற்றம் நடந்தது. சட்டை என்பது உடம்பைக் காப்பாற்றும் பொருளாக மட்டும் இல்லாமல், கண்ணில் படும் பொருளாகவும் ஆனது. தையல்காரரின் பெயர் காலரின் உள்பக்கத்திலிருந்து நெஞ்சுக்கு வந்துவிட்டது.

1995-ல் மௌரிசியோ சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பால் இறந்தார். இடம், சிப்ரெஸ்ஸா என்ற ஏற்றம். மிலான் - சான் ரெமோ பந்தயம் போகும் அதே பாதை. பின்னாளில் இத்தாலியின் இன்னொரு ஆடை நிறுவனமான மனிஃபத்துரா வால்சிஸ்மோன் காஸ்டெல்லியை வாங்கியது.

கறுப்பு மையில் தேளை மறைத்துக்கொண்டு 2013-ல் வீரர்கள் ஏறியதும் அந்த சிப்ரெஸ்ஸாவைத்தான். உரிமையாளர் மாறியிருந்தார், குடும்பம் மாறியிருந்தது. ஆனால், நடுங்கும் ஒருவனுக்கு என்ன தேவை என்ற கேள்வியை அந்தக் கம்பெனி மறக்கவில்லை.

லண்டனில் ஒரு கனவு

இரண்டாவது கதை இங்கிலாந்தில். பிராண்ட் ஆலோசகராக வேலை பார்த்த சைமன் மாட்ரம் தீவிர சைக்கிள் பிரியர். கடைகளில் கிடைத்த சைக்கிள் சட்டைகள் விளம்பரப் பலகை போல இருக்கின்றன என்பது அவருடைய வருத்தம். முதலீடு கேட்டுப் பலரிடம் அலைந்து, 2004-ல் 'ராஃபா'வைத் தொடங்கினார்.

அந்தப் பெயருக்குப் பின்னாலும் ஒரு குறும்பு உண்டு. 1950-களில் சைக்கிள் சம்பந்தமில்லாத கம்பெனிகள் அணிகளுக்கு ஸ்பான்சர் செய்ய எதிர்ப்பு இருந்தது. பிரான்ஸ் வீரர் ரஃபேல் ஜெமினியானி, செயின்ட் ரஃபேல் என்ற மதுபானக் கம்பெனியின் பணத்தில் அணி அமைத்தார். கேட்டவர்களிடம், 'அது என் பெயர்தானே' என்ற பாணியில் சமாளித்தார்! அந்த அணியின் செல்லப்பெயர்தான் ராஃபா.

மாட்ரம் முதலில் விற்றது சட்டையை அல்ல, கதையை. கம்பெனி தொடக்க விழாவாக லண்டனில் அவர் நடத்தியது, பழைய பந்தய வீரர்களின் வேதனையைச் சொல்லும் ஒரு கண்காட்சி. பிறகு வந்த சட்டை கறுப்பு நிறம், கையில் ஒரு வெள்ளைப் பட்டை, அவ்வளவுதான். கம்பளி இழை மீண்டும் வந்தது, ஆனால் செயற்கை இழையோடு கலந்து. சட்டைப் பையின் உள்ளே பழைய வீரர்களின் கதையை அச்சிட்டார்கள். கீழே விழுந்து கிழிந்தால் இலவசமாகத் தைத்தும் கொடுத்தார்கள்.

விலை அதிகம்தான். ராஃபாவின் உயர்ரகக் கால்சட்டை இன்று 200 பவுண்டைத் தாண்டும். 'இது சைக்கிள் ஓட்டுபவர்களுக்கா, பணக்காரர்களுக்கா?' என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. ஆனாலும், அலுவலகம் முடிந்து தனியாக சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த நடுத்தர வயதுக்காரர்களுக்கு அது ஓர் அடையாளத்தைக் கொடுத்தது. காபிக்கடையோடு சேர்ந்த கிளப் அறைகள் பல நகரங்களில் வந்தன. முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து ஓட்டினார்கள்.

2013 முதல் 2016 வரை புகழ்பெற்ற ஸ்கை அணிக்கு ராஃபாதான் ஆடை தந்தது. அந்த நான்கு ஆண்டுகளில் மூன்று முறை டூர் டி ஃபிரான்ஸ் பட்டத்தை வென்றார் அந்த அணியின் கிறிஸ் ஃப்ரூம். 2017-ல் அதே அணிக்கு ஆடை தரும் வாய்ப்பு யாருக்குப் போனது தெரியுமா? காஸ்டெல்லிக்கு!

20 கோடி பவுண்டுக்குப் பிறகு...

2017 ஆகஸ்ட்டில் ராஃபா விற்கப்பட்டது. வாங்கியவர்கள் ஸ்டூவர்ட் வால்டன், டாம் வால்டன் சகோதரர்கள். வால்மார்ட்டைத் தொடங்கிய சாம் வால்டனின் பேரன்கள். விலை சுமார் 20 கோடி பவுண்டு என்று செய்திகள் வந்தன. குறைந்த விலையே கொள்கை என்று வளர்ந்த குடும்பம், அதிக விலைக்குப் பெயர்போன சட்டைக் கம்பெனியை வாங்கியது பலருக்கும் வியப்பு. ஆனால், சகோதரர்கள் இருவரும் சைக்கிள் பிரியர்கள்தான்.

பிறகு நடந்தது எந்தத் தொழிலிலும் நடப்பதுதான். சிலருக்காகத் தொடங்கிய பொருள் பலருக்குப் போக வேண்டும். அதற்குப் புதுப்புது ரகங்கள் வேண்டும், புது நாடுகள் வேண்டும். கொரோனா காலத்தில் உலகமே சைக்கிளைத் தேடியபோது கம்பெனிகள் சரக்கைக் குவித்தன. ஊரடங்கு முடிந்தது, கூட்டமும் கலைந்தது. கிடங்கில் தேங்கியதைத் தள்ளுபடியில் தள்ளினார்கள். இங்கிலாந்தின் பெரிய ஆன்லைன் சைக்கிள் கடையான விக்கிள் 2023-ல் திவாலானது.

விலை உயர்ந்த பிராண்டுக்குத் தள்ளுபடி ஒரு மெல்லக் கொல்லும் விஷம். முழு விலை கொடுத்து வாங்கியவர் அடுத்த மாதமே அது பாதி விலைக்குக் கிடைப்பதைப் பார்த்தால், ஏமாந்ததாகத்தான் நினைப்பார். அடுத்த முறை அவரும் தள்ளுபடிக்காகக் காத்திருப்பார். ராஃபா பல ஆண்டுகள் தொடர்ந்து நஷ்டம் காட்டியது. 2021-ல் மாட்ரம் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். 2024-ல் பொறுப்பேற்றவர் ஃபிரான் மில்லர். ஒருகாலத்தில் ராஃபா சட்டை போட்ட ஸ்கை அணியை உருவாக்கியவர்களில் ஒருவர். வெளியே போன வாடிக்கையாளர் வீட்டுச் சாவியோடு திரும்பி வந்தது போல!

பேர்ல் இசுமியும் தப்பவில்லை. மகனுக்காக அப்பா தொடங்கிய அந்த பிராண்டை 2008-ல் சைக்கிள் பாகங்கள் தயாரிக்கும் ஷிமானோ வாங்கியது. 2022-ல் அதுவும் வேறொரு அமெரிக்க நிறுவனத்துக்குக் கைமாற்றியது.

மாறுவதும் மாறாததும்

இதை 'முதலாளி வந்தார், எல்லாம் கெட்டது' என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. காஸ்டெல்லியின் கப்பா சட்டை பிறந்ததே குடும்பம் கைமாறிய பிறகுதான். புது உரிமையாளரிடம் பணம் இருந்தது, ஆலை இருந்தது. நார்வே வீரர் கேப்ரியல் ராஷ் போன்றவர்களின் தேவையைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். சட்டையின் பெயரே அவருடைய செல்லப்பெயர்தான்.

தொடங்கியவர் இருந்தால் எல்லாம் சரியாக இருக்கும் என்பதும் இல்லை. கம்பெனியை விற்றவரே மாட்ரம்தான். விற்ற பிறகும் நான்கு ஆண்டுகள் தலைமையில் இருந்தவரும் அவர்தான்.

அப்படியென்றால் எது மாறினால் ஆபத்து? அளவெடுக்கும் இடத்துக்கும் விற்கும் இடத்துக்கும் நடுவில் தூரம் கூடும்போதுதான். அர்மாண்டோவின் கடையில் குறை சொல்ல வந்தவர் தையல்காரரின் முகத்தைப் பார்த்தே சொன்னார். இன்று குறை சொல்பவருக்கும் தைப்பவருக்கும் நடுவே கடை, கிடங்கு, கணக்கர், முதலீட்டாளர் என ஒரு வரிசையே நிற்கிறது. அந்த வரிசையைத் தாண்டிக் குறை போய்ச் சேர்கிறதா என்பதுதான் கேள்வி.

வாங்குபவர் பார்க்க வேண்டியதும் அதைத்தான். முத்திரையைப் பார்ப்பதற்கு முன் சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்க்கலாம். தையல் சீராக இருக்கிறதா? கிழிந்தால் தைத்துத் தருவார்களா? போன ஆண்டு வாங்கிய அதே அளவு இந்த ஆண்டும் பொருந்துகிறதா? இது சைக்கிள் சட்டைக்கு மட்டுமல்ல, பள்ளிச் சீருடை முதல் பட்டுப்புடவை வரை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

2013-ல் அந்த வீரர்கள் மை பூசி மறைத்தது பெயரை மட்டும்தான். சட்டையைக் கழற்றவில்லை.