'கிளீனிங்' பட்டனிலிருந்து கையை எடுங்கள்

செப்டம்பர் வந்தால் ஐசலின், எடிசன் பக்கத் தமிழ் வீடுகளில் ஒரு வேலை தவறாமல் வரும். ஜூலை, ஆகஸ்டில் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியிருப்போம். தமிழ்ப் பள்ளி தொடங்கியிருக்கும். வீட்டுப்பாடத் தாளை பிரிண்ட் எடுத்தால் நடுவே வெள்ளைக் கோடுகள். மேலே இருக்கும் புள்ளி காணாமல் போய் 'க்' எல்லாம் 'க' ஆகியிருக்கும். உடனே, "இந்த பிரிண்டரைக் கொஞ்சம் பாரேன்" என்று நம்மைத்தான் கூப்பிடுவார்கள். நாமும் 'ஹெட் கிளீனிங்' பட்டனை அழுத்துவோம். சரியாகவில்லையா? இன்னொரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை.

இந்தப் பழக்கத்தை விட வேண்டும் என்பதுதான் என் கட்சி. அந்தப் பட்டனை ஒரு தடவை அழுத்தலாம், மிஞ்சிப் போனால் இரண்டு தடவை. அதற்கு மேல் அழுத்தினால், காசு கொடுத்து வாங்கிய மையை நாமே கீழே கொட்டுகிறோம் என்று அர்த்தம்.

'கிளீனிங்' என்றதும் உள்ளே ஏதோ கழுவும் திரவம் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பொதுவாக அப்படி எதுவும் கிடையாது. கார்ட்ரிட்ஜில் இருக்கும் அதே மையைத்தான் ஒரு சின்ன பம்ப் துளைகள் வழியாக உறிஞ்சி இழுக்கிறது. பல மாடல்களில் கறுப்பு மட்டும் அடைத்திருந்தாலும் எல்லா வண்ணமும் சேர்ந்தே போகும். அந்த மை பிரிண்டரின் அடியில் இருக்கும் பஞ்சில் போய்ச் சேரும். பஞ்சு நிறைந்துவிட்டது என்று கணக்கு காட்டினால், சில பிரிண்டர்கள் அச்சடிக்கவே மறுத்துவிடும்.

அடைப்பு ஏன் வருகிறது? ஒவ்வொரு துளையும் சுமார் 20 மைக்ரான் அகலம்தான். தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. வீட்டு இன்க்ஜெட் மையில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் ஆவியானதும் நிறம் மட்டும் துளையில் காய்ந்து உட்கார்ந்துவிடும். நியூ ஜெர்சி குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி ஓடி நம் உதடு வெடிக்கிறது இல்லையா? அதே காற்றுதான் மையையும் உலர்த்துகிறது.

இதைத் தடுக்க பிரிண்டரிலேயே ஒரு ஏற்பாடு இருக்கிறது. வேலை முடிந்ததும் அச்சுத் தலை ஓரமாகப் போய் ஒரு ரப்பர் மூடியின் மேல் உட்கார்ந்துகொள்ளும். பிரிண்டரின் பவர் பட்டனை அழுத்தி அணைத்தால், தலை மூடியில் அமர்ந்த பிறகுதான் பிரிண்டர் அணையும். பவர் ஸ்டிரிப்பைத் தட்டி அணைத்தால் தலை நடுவழியில் நின்று, திறந்தபடியே காயலாம்.

இங்கேதான் நம் வீட்டுப் பழக்கம் வந்து மோதுகிறது. அப்பா அம்மாக்களுக்கு ஊரில் சுவர் சுவிட்சை அணைத்தே பழக்கம். இங்கே பிளக் பாயின்டில் சுவிட்ச் இல்லை. அதனால் பவர் ஸ்டிரிப்பை அணைக்கிறார்கள். மற்றதற்கெல்லாம் நல்ல பழக்கம்தான், பிரிண்டருக்கு மட்டும் ஆகாது. "அப்பா, முதல்ல பிரிண்டர் பட்டனை அமுக்குங்க, லைட் அணைஞ்சதும் ஸ்டிரிப்பை அணைங்க" என்று எங்கள் வீட்டில் நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நீங்களும் சொல்லுங்கள்.

சரி, அடைத்தே விட்டது. முதலில் 'நாசில் செக்' தாளை அச்சிடுங்கள். கொஞ்சம் மையிலேயே எந்த வண்ணம் அடைத்திருக்கிறது என்று காட்டிவிடும். பிறகு ஒரே ஒரு கிளீனிங், மறுபடி நாசில் செக். முன்னேற்றம் இல்லையென்றால் அணைத்துவிட்டு மறுநாள் வரை விடுங்கள். புதிதாக வந்த மையின் ஈரம் பட்டு காய்ந்த மை மெல்ல இளகும். பல சமயம் இந்தப் பொறுமையே போதும்.

அதற்கும் மசியவில்லை என்றால் உங்கள் பிரிண்டர் எந்த வகை என்று பாருங்கள். எச்பியின் பல வீட்டு மாடல்களில் அச்சுத் தலை கார்ட்ரிட்ஜோடு ஒட்டியே வரும். கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த பேப்பர் டவல் மேல் துளைப் பக்கத்தைச் சில நிமிடம் வைத்து ஒற்றி எடுங்கள். செம்புப் புள்ளிகளில் ஈரம் பட்டால் காயவிட்டு மாட்டுங்கள்.

எப்சனில் தலை பிரிண்டரிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அதற்குப் பேப்பர் டவலைப் பட்டையாக மடித்து, டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துக்கொள்ளுங்கள். தலை நகரும்போது பிளக்கைப் பிடுங்குங்கள் (இந்த ஒரு வேலைக்கு மட்டும்!). பட்டையை அடியில் விரித்து, தலையை மெதுவாக அதன்மேல் நகர்த்தி, சில மணி நேரம் ஊறவிடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் உள்ள உப்பு துளையில் படியும். டிஸ்டில்டு வாட்டர் எந்த மளிகைக் கடையிலும் கேலன் கணக்கில் கிடைக்கும்.

"இவ்வளவு கஷ்டம் எதற்கு, லேசர் வாங்கிவிடலாமே?" என்று கேட்கலாம். கறுப்பு வெள்ளைத் தாள் மட்டும் அச்சிடும் வீடு என்றால், அடுத்த முறை லேசரே வாங்குங்கள். டோனர் பொடி, அது காயாது. ஆனால் இருக்கிற பிரிண்டரைத் தூக்கிப் போட அது காரணம் ஆகாது. நியூ ஜெர்சியில் பிரிண்டரைக் குப்பையோடு போட சட்டமும் விடாது, மின்கழிவாகத்தான் கொடுக்க வேண்டும்.

இதைக் கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். ஆசிய நாடுகளில் கார்ட்ரிட்ஜ் விலை கட்டுப்படியாகாமல் பலர் தாங்களே குழாய் மாட்டி, வெளியே மை பாட்டில் வைத்து ஓட்டினார்கள். சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். கடைசியில் எப்சனே 2010-இல் இந்தோனேசியாவில் மைத் தொட்டி வைத்த பிரிண்டரை விற்கத் தொடங்கியது. அமெரிக்காவுக்கு அது வந்தது 2015-இல். 2017-இல் லெக்ஸ்மார்க் வழக்கில், விற்றுவிட்ட கார்ட்ரிட்ஜை மற்றவர்கள் நிரப்பி விற்பதைக் காப்புரிமையைக் காட்டித் தடுக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மையை வீணாக்க மாட்டேன் என்று அடம்பிடித்தவர்களால் வந்த மாற்றம் என்றே இதை நான் பார்க்கிறேன்.

அடைப்பே வராமல் இருக்க வழி எளிது. வாரம் ஒரு பக்கம், எல்லா வண்ணமும் வருகிற மாதிரி அச்சிடுங்கள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தங்கை வரைந்த படம் ஒன்று போகும். அடுத்த ஜூலையில் ஊருக்குக் கிளம்பும்போது, செடிக்குத் தண்ணீர் ஊற்றப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் சாவி கொடுப்பீர்கள் அல்லவா? அப்படியே ஒரு கலர் பக்கம் அச்சிடவும் சொல்லிவிட்டுப் போங்கள்.