கழுத்தில் ஒரு செத்த பாம்பு

காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்ணி போட்ட ஒரு வரி. இரவு படுத்த பிறகும் மனம் அதற்குப் பதில் எழுதிக்கொண்டே இருக்கும். மறுநாள் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் அதே வசனம் மறுபடி ஓடும். அண்ணி நிம்மதியாகத் தூங்கியிருப்பார்; தூக்கம் போனது நமக்குத்தான்.

இந்த நோய் புதிதல்ல. பாலி மொழியில் உள்ள மஜ்ஜிம நிகாயத்தின் 20ஆவது சூத்திரம் முழுக்க இதைப் பற்றியதுதான். ஆசை, வெறுப்பு, மயக்கம் கலந்த எண்ணம் விடாமல் சுற்றினால் என்ன செய்வது என்று புத்தர் ஐந்து வழிகள் சொல்கிறார்.

முதலாவது தச்சன் வேலை. பெரிய முளையைச் சின்ன முளையால் அடித்து வெளியேற்றுவது போல, கெட்ட எண்ணத்தின் இடத்தில் நல்லதை வைப்பது. ஆனால் அண்ணிமேல் அன்பு உடனே சுரந்துவிடுமா? அதனால் எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். சிங்காரித்துக்கொள்வதில் ஆசையுள்ள ஓர் இளைஞன் கழுத்தில் செத்த பாம்பைக் கட்டித் தொங்கவிட்டால் எப்படிக் கூசிப்போவான்! எண்ணத்தையும் அப்படிப் பார்க்க வேண்டுமாம். அண்ணி சொன்னது சரியா தவறா என்ற வழக்கை ஒத்திவையுங்கள். இந்த எண்ணம் எனக்கு என்ன செய்கிறது? தூக்கம் போச்சு, காலையில் பிள்ளைமேல் எரிந்து விழுந்தாச்சு.

மூன்றாவது, கண்டுகொள்ளாமல் விடுவது. நான்காவது, வேகமாக நடப்பவன் 'எதற்கு இந்த அவசரம்' என்று மெதுவாகி, நின்று, உட்காருவது போல எண்ணத்தைத் தணிப்பது. பல்லைக் கடித்து அடக்குவது கடைசி வழி. நம் வீடுகளிலோ பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறோம்.

பிரிக்பீல்ட்ஸ் மகா விகாரையைத் தாண்டித்தான் பலர் வேலைக்குப் போகிறோம். 1894இல் சிங்களச் சமூகத்தினர் தொடங்கிய இடம். 1952இல் இலங்கையிலிருந்து வந்த கே. ஸ்ரீ தம்மானந்தா 2006இல் மறையும்வரை இங்கிருந்து ஓயாமல் பேசினார், எழுதினார். கவலையைப் பற்றியே 'ஒய் வொரி?' என்றொரு ஆங்கில நூல் உண்டு. பௌத்தம் என்றதும் நம்மில் சிலருக்கு இலங்கைப் போர்தான் நினைவுக்கு வரும். அந்த வலி நியாயமானது. ஆனால் மணிமேகலை நம்முடையது. பாலியில் நூல்கள் எழுதிய புத்ததத்தரும் சோழ நாட்டுக்காரர்தான்.

ஒன்று மட்டும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் தச்சன் முளையெல்லாம் போதாது. டாக்டரைப் பாருங்கள். நள்ளிரவானாலும் பிஃப்ரெண்டர்ஸ் எண் 03-7627 2929இல் ஆள் இருப்பார்கள்.